கடல்நீர்த் தொட்டியில் பாசி: துப்புரவு பற்றிய சில சிந்தனைகள்

1

கண்ணாடித் தொட்டியொன்றினுள் கடலின் ஒரு துண்டை அடைத்து வைத்திருப்போர் அனைவரும் என்றோ ஒருநாள் எதிர்கொள்ளும் பிரச்சினை பாசி. முதலிற் கண்ணாடியிற் கபிலநிறப் படலம் தோன்றும். பின்னர் முருகைக்கற்களில் பச்சை இழைகள் மயிர்போலப் படரும். சில தொட்டிகளில் மணலின்மேற் செந்நிறச் சளிப்போர்வை விரியும். இதனைக் காணும் உரிமையாளர் தொட்டி அழுக்கடைந்துவிட்டதெனக் கருதி, ஒரே நாளில் அனைத்தையும் வெளியே எடுத்துக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புகின்றார். சில நாட்களில் மீன்கள் இறக்கின்றன. சில வாரங்களிற் பாசி மீண்டும் வருகின்றது. எமது வீட்டுத் தொட்டியில் நாமும் ஒருமுறை இத்தவற்றைச் செய்தோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

இத்தகைய துப்புரவு ஏன் தோல்வியுறுகின்றது, பயன்தரும் துப்புரவு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ளோர் இவ்விடயத்தை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் தோற்றத்தினின்று சாரத்தைப் பிரித்தறிவதே எமது முறையியலின் அடிப்படையெனில், அதனைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு ஒரு மீன்தொட்டியும் தகுந்த களமே.

2

தொட்டியின் வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் சீமாட்டி இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலிருந்து முருகையுயிர்களை லண்டனிலுள்ள தமது இல்லத்துக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அந்நகரிற் கடல்நீர் எளிதிற் கிடைக்கும் பொருளன்று. ஆகவே இருந்த நீருக்கே காற்றூட்டும் பொருட்டு, திறந்த சாளரத்தின் முன் நின்று அதனைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றும் வேலை வீட்டுப் பணிப்பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று மின்பம்பி செய்யும் வேலையை அன்று ஒரு பெண்ணின் கைகள் செய்தன.

1850இல் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயனவியலாளர் தமது நன்னீர்த் தொட்டி பற்றிய அவதானங்களை வெளியிட்டார். மீனையும் நீர்த்தாவரத்தையும் மாத்திரம் இட்டபோது அழுகிய இலைகளும் பாசியும் நீரைக் கெடுத்தன. அவற்றை உண்ணும் நத்தைகளைச் சேர்த்த பின்னரே சமநிலை ஏற்பட்டது. பாசிக் கட்டுப்பாட்டின் முதற் பாடம் இதுவெனலாம். 1853இல் லண்டன் விலங்கியற் பூங்காவிற் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் இப்பொருள் பற்றி எழுதிய நூல் பெருவரவேற்பைப் பெற்றது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டிருந்தமையும், புகையிரதப்பாதை கடற்கரையை எட்டியிருந்தமையும் மத்தியதர வர்க்கத்தினரின் வரவேற்பறைகளைத் தொட்டிகளால் நிரப்பின. இதன் விலையைக் கடற்கரை செலுத்தியது. சேகரிப்போரின் படையெடுப்பால் பாறைக்குட்டைகள் வெறுமையாயின என அவரது மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் வெளியான தமது நினைவுநூலில் வருந்தி எழுதினார்.

3

பாசி எதனால் வளர்கின்றது? மீன் கழிக்கும் அமோனியாவும் எஞ்சிய உணவு அழுகுவதால் உண்டாகும் அமோனியாவும் நஞ்சாகும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், பிறிதொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இப்பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை நீரிலன்றிக் கல், மணல், வடிபஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பிலேயே வாழ்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. குளோரீன் கலந்த குழாய்நீரில் அனைத்தையும் ஒரே நாளிற் கழுவுபவர் அழுக்கோடு சேர்த்து அழுக்கை அகற்றும் உழைப்பாளரையும் கொன்றுவிடுகின்றார். அதன் பின்னர் அமோனியா பெருகுவதும் மீன்கள் மாள்வதும் தவிர்க்கவியலாதவை.

நைத்திரேற்றின் ஒரு பகுதி, ஒட்சிசன் குறைந்த கல்லின் உட்புறத்தில் வேறு பற்றீரியாக்களால் நைதரசன் வாயுவாக மாற்றப்பட்டு வெளியேறும். பொசுபேற்றுக்கு அத்தகைய வழி கிடையாது. நாம் வெளியே எடுக்கும்வரை அது தொட்டிக்குள்ளேயே இருக்கும். இவ்விரண்டுமே பாசியின் உணவு. ஆயின் பாசி மண்டிய தொட்டியின் நீரைப் பரிசோதித்தால் இவை பெரும்பாலும் குறைவாகவே காணப்படும். காரணம், அவற்றைப் பாசி ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டமையாகும். பரிசோதனைக் குழாய் காட்டும் இலக்கத்தை மாத்திரம் நம்புபவர் இங்கு ஏமாறுவார்.

வளர்ச்சியைத் தீர்மானிப்பது மிகக் குறைவாகவுள்ள போசணைப்பொருளே என்னும் விதியைப் பரவச் செய்தவர் ஜெர்மானிய இரசாயனவியலாளர் லீபிக். நிலத்தினின்று உணவாக எடுக்கப்படும் சத்துக்கள் நிலத்துக்குத் திரும்பாமல் நகரக் கழிவாகி ஆற்றைக் கெடுக்கின்றன என அவர் கண்டித்தார். அவரைக் கற்ற கார்ல் மார்க்ஸ், மனிதருக்கும் மண்ணுக்கும் இடையிலான அனுசேபத்தை முதலாளித்துவ உற்பத்தி குலைக்கின்றது என 1867இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில் விளக்கினார். தேம்ஸ் நதியின் அழுக்கும் தொட்டியின் பாசியும் அளவில் வேறுபடினும் ஒரே தன்மையன: ஓரிடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சத்து, திரும்பிச் செல்ல வழியின்றி, பிறிதோரிடத்தில் தேங்குகின்றது. தொட்டிக்குள் அச்சத்தை நாள்தோறும் கொண்டுசேர்ப்பது உணவூட்டும் எமது கையே.

4

இவ்விளக்கத்தினின்று துப்புரவின் நடைமுறை பிறக்கின்றது. முதல்நாளே புதுநீரைத் தயாரித்துக்கொள்ளல் வேண்டும். குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் சிலிக்கேற்றும் இருக்கக்கூடுமாதலால், ஆர்.ஓ. முறையில் நுண்சவ்வினூடாகச் சுத்திகரித்த நீரிற் கடலுப்புக் கலவையைக் கரைத்து, பம்பியால் ஒருநாள் கலக்கி, நீரமானியில் தன்னீர்ப்பு 1.025 அளவில் உள்ளதா என நோக்கவேண்டும். வெப்பநிலையும் தொட்டியினதை ஒத்திருத்தல் அவசியம்.

துப்புரவு நாளில் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கையை நீருள் இடவேண்டும். கண்ணாடியைச் சுரண்டி, இழைப்பாசியைக் கையாற் பிடுங்கி, உடனுக்குடன் வெளியே எடுத்தல் வேண்டும். பிடுங்கிய பாசியை நீரில் மிதக்கவிடுவது அது உண்ட சத்தை மீண்டும் நீருக்கே கொடுப்பதாகும். கற்களின் இடுக்கிலுள்ள வண்டலை நீர்பீச்சிக் கிளப்பி, இறப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். மணலை ஒரு தடவைக்கு ஒரு பகுதியாக மாத்திரமே உறிஞ்சவேண்டும். ஆழமான மணற்படையை ஒரேயடியாகக் கிளறினால் ஐதரசன் சல்பைட்டு வெளிப்படக்கூடும். வெளியே எடுத்த பழைய கடல்நீரிலேயே கற்களைத் தேய்த்தலும் வடிபஞ்சை அலசுதலும் வேண்டும். பம்பிகளைப் பிரித்து, நீர் கலந்த வினாகிரியில் ஊறவைத்து, நன்கு அலசிப் பொருத்தலாம். சவர்க்காரம் எதற்கும் ஆகாது. இறுதியில் நீரின் ஐந்திலொரு பங்கு முதல் நான்கிலொரு பங்கு வரை மாற்றினாற் போதும். எஞ்சிய வேலையை அடுத்துவரும் வாரங்களுக்குப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.

பாசியின் வகையையும் இனங்காணல் வேண்டும். கபிலப் படலம் பெரும்பாலும் தயற்றங்களால் ஆனது. அவை சிலிக்காவை வேண்டுபவை. புதிய தொட்டிகளில் தோன்றித் தாமாகவே மறைவன. செந்நிறச் சளிப்போர்வை உண்மையிற் பாசியன்று, சயனோபற்றீரியா ஆகும். உறிஞ்சி அகற்றலும், நீரோட்டத்தைக் கூட்டலும், சில நாட்கள் விளக்கை அணைத்துவைத்தலும் அதனைத் தணிக்கும். ஆயின் சத்துக் குறையாவிடின் அது திரும்பும். பச்சை இழைப்பாசிக்கு நீண்டகால நடவடிக்கை தேவை. உணவைக் குறைத்தல், உறைந்த உணவை அலசிக் கொடுத்தல், விளக்கை எட்டு மணித்தியாலமளவில் நிறுத்துதல், கரைந்த சேதனப்பொருளை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் சாதனத்தைப் பயன்படுத்துதல், பக்கத் தொட்டியொன்றிற் பயன்தரும் பாசியை வேண்டுமென்றே வளர்த்து அறுவடை செய்தல் என்பன அவை. இறுதியிற் கூறியது சிறப்பாக நோக்கத்தக்கது. பாசியைத் தீமையென வெறுப்பதை விடுத்து, அதன் இயல்பையே அதன் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தும் முறை இது.

5

மேய்ச்சல் உயிரினங்களின் முக்கியத்துவத்தைக் கடலே பெரிய அளவில் உணர்த்தியுள்ளது. ஜமேக்காவின் முருகைக்கற்பார்களிற் பாசி மேயும் மீன்கள் நெடுங்காலம் மிகையாகப் பிடிக்கப்பட்டதால், அவ்வேலை பெரும்பாலும் ஒரேயொரு கடல் முள்ளெலி இனத்திடம் விடப்பட்டிருந்தது. 1983–84 காலப்பகுதியில் அவ்வினம் நோயால் கரீபியக் கடலெங்கும் மடிந்தது. 1970களின் இறுதியில் 50 சதவீதத்துக்கும் மேலாக இருந்த முருகைப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழாகக் குறைந்தது. பாசிப் பரப்போ 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாகப் பெருகியது. இலங்கையின் தென்கரையிலும் 1998இன் வெப்பத்தால் வெளிறி இறந்த முருகைக்கற்களைப் பாசி மூடியது.

தொட்டியிலும் நத்தை, முள்ளெலி, பாசி மேயும் மீன் ஆகிய பலவும் அளவோடு இருத்தல் நன்று. ஆயின் இவ்விடத்து ஒன்றை மறத்தலாகாது. கடல்நீர்த் தொட்டி மீன்களிற் பெரும்பாலானவை வளர்ப்பிடங்களிற் பிறந்தவையல்ல, கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. எமது நாட்டின் கரைகளிலிருந்தும் அவை வெளிநாட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றுமதியாகின்றன. காற்றுக்கலத்தைச் சுமந்து ஆழத்தில் இறங்கும் சுழியோடி, அமுக்க மாற்றத்தால் உடல் முடமாகும் ஆபத்தை ஏற்றே அவற்றைக் கொண்டுவருகின்றார். தவறான துப்புரவால் இறக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாக இன்னொன்று கடலிலிருந்து வரவேண்டியுள்ளது.

6

அழுக்கை உண்டாக்குவோர் ஒருசாராராகவும் அதனை அகற்றுவோர் பிறப்பால் விதிக்கப்பட்ட பிறிதொருசாராராகவும் பிரிக்கப்பட்ட சமூகம் எம்முடையது. அத்தகைய சமூகத்தில் துப்புரவு என்பது கண்ணுக்குத் தெரிவதைக் கண்காணா இடத்துக்குத் தள்ளுவதாகவே விளங்கிக்கொள்ளப்படுகின்றது. தொட்டியில் அப்பிரிவினைக்கு இடமில்லை. ஊட்டிய கையே உறிஞ்சி எடுக்கவும் வேண்டும். எவ்வளவு இட்டோம், எவ்வளவு எடுத்தோம் என்னும் கணக்கை ஒருவரே வைத்திருத்தல் வேண்டும். அக்கணக்குச் சீராக உள்ள தொட்டியிலும் கண்ணாடியிற் சிறிது பாசி இருக்கவே செய்யும். நத்தைக்கும் உணவு வேண்டுமாதலால் அதனை விட்டுவைக்கலாம்.