ஒரு நிமிஷப் படம்: எதை எடுப்பது? எப்படி எடுப்பது? யாருக்கு அனுப்புவது?



இன்றைக்கு லயத்துக்கு லயம் கைப்போன் இருக்கிறது. போனில் கேமரா இருக்கிறது. பிள்ளைகள் வீடியோ பார்க்கிறார்கள், தாங்களே எடுத்தும் போடுகிறார்கள். "இது நல்லதா, கெட்டதா?" என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி மாதிரித்தான். பிடிக்கத் தெரிந்தவர் கையில் தேயிலையைத் தழைக்க வைக்கும். தெரியாதவர் கையில் காலைப் பதம் பார்க்கும். அதனால் பிடிக்கிற முறையைத் தெரிந்துகொள்வோம்.

முதல் படமே தொழிலாளிகளின் படம்தான்

பிரான்ஸ் நாட்டில் லூமியேர் சகோதரர்கள் எடுத்த ஒரு படத்தை 1895 மார்ச் 22இல் பாரிஸ் நகரில் சிலருக்குத் திரையிட்டுக் காட்டினார்கள். சினிமா வரலாற்றின் ஆரம்பப் படங்களில் அது ஒன்று. ஒரு நிமிஷம்கூட ஓடாது. அதில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. லியோன் நகரத் தொழிற்சாலையிலிருந்து வேலைக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான். அதே வருஷம் தங்கள் வீட்டுக் குழந்தைக்குச் சோறூட்டுவதையும் அவர்கள் படமாக எடுத்தார்கள். ஆக, அன்றாட வாழ்க்கையைச் சின்னப் படமாக எடுப்பது புதுசு இல்லை, 130 வருஷப் பழசு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தத் தொழிற்சாலை லூமியேர் குடும்பத்துடையது. எடுத்தவர் முதலாளி, எடுக்கப்பட்டவர் தொழிலாளி. நம்ம கதையும் இதுதானே? கூடையோடு நிற்கிற நம்ம பெண்களின் முகம் தபால் அட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் உலகமெல்லாம் போனது. அந்த அம்மாவின் பேர் என்ன, கால்வலி என்ன, அன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தாள் என்று எந்த அட்டையிலும் இல்லை. இப்போது கேமரா நம்ம கையில் இருக்கிறது. இதுதான் பெரிய மாற்றம்.

"நம்மகிட்ட என்ன இருக்கு படம் எடுக்க?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகிற வீதியில், வாகரைக்கு முன்னால் பனிச்சங்கேணி இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. பாலத்தைத் தாண்டினால் வாகரைப் பக்கம். மீனும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிற சனம். அங்கே ஒரு பிள்ளை தன் அப்பா விடியற்காலையில் களப்பில் வலை வீசுவதை ஒரு நிமிஷம் எடுத்தால், அந்த ஊருக்கு அது சாதாரணம். கடலையே காணாத நம்ம பிள்ளைக்கு அதிசயம். அதே மாதிரி பனி மூடின மலையில் கொழுந்து கிள்ளுவதும், நிறுவைக்கு வரிசையில் நிற்பதும், பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டுவதும் நமக்குப் பழகினது, பனிச்சங்கேணிப் பிள்ளைக்குப் புதுசு. நம்ம அன்றாடம்தான் அடுத்தவருக்குச் செய்தி. அதற்காக வேஷம் போட வேண்டாம், ஆட வேண்டாம்.

நம்ம பாட்டன் பூட்டன் பலர் வந்த புதுக்கோட்டைச் சீமையில் சின்னவீரமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வெட்டவெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதை 2018இலிருந்து யூடியூபில் போட்டு வந்தார்கள். பேர் 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. 2021 ஜூலையில் அதில் சேர்ந்தவர்கள் தொகை 1 கோடியைத் தாண்டியது. அந்த மாதமே 10 லட்சம் இந்திய ரூபாயைத் தமிழக முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். காட்டினது சொந்த ஊர்ச் சமையலைத்தான்.

எடுக்கும் முறை

1. லென்சை மெல்லிய துணியால் துடையுங்கள். அடுப்புப் புகையும் கை எண்ணெயும் பட்டால் படம் மங்கும்.

2. வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஜன்னலுக்கு நேரே ஆளை நிறுத்தினால் முகம் கறுத்துப் போகும்.

3. ஒரு படத்துக்கு ஒரு விஷயம். ரொட்டி சுடுவதென்றால் மாவு பிசைவது, கல்லில் போடுவது, பிள்ளை சாப்பிடுவது என்று மூன்று துண்டு போதும்.

4. ஒவ்வொரு துண்டுக்கும் பத்து எண்ணும் வரை கையை ஆட்டாமல் பிடியுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் ஆடாது.

5. மலையில் காற்று இரைந்தால் பேச்சு கேட்காது. காற்றுக்கு முதுகு காட்டிக் கிட்ட நின்று பேசுங்கள்.

6. சரிவிலும் வழுக்குப் பாறையிலும் மிஷினுக்குப் பக்கத்திலும் வேலை நேரத்தில் போனைத் தூக்க வேண்டாம். ஒரு வீடியோவுக்காக ஒரு கால் போகக்கூடாது.

யாருக்கு அனுப்புவது?

எடுத்த எல்லாவற்றையும் ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்கிற தாய்மார் நம்மில் எத்தனை பேர்! பிள்ளை பல் விழுந்த வாயோடு சிரிப்பதை வட்ஸ்அப்பில் அந்தத் தாய்க்கு மட்டும் அனுப்பினால் அதற்கு மேல் என்ன வேணும்? வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். யார் பார்க்கலாம் என்று தெரிவு செய்யவும் வழி உண்டு. ஆனால் பார்த்தவர் ஒருவர் பதிந்து வைத்தால் மறைந்தும் மறையாது. டிக்டொக், பேஸ்புக், யூடியூபில் எல்லாருக்கும் என்று போட்டது சந்தியில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி.

கேட்டு எடுங்கள்

இதுதான் முக்கியம். படத்தில் இருப்பவருடைய சொல்தான் முடிவு. "அக்கா, எடுக்கவா? யாருக்குக் காட்டலாம்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பீலியில் குளிக்கிற பெண்களை, குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரை, சாவு வீட்டில் அழுகிறவரை எடுத்துப் போடுவது வேடிக்கை இல்லை, கொடுமை. குடும்பச் சண்டையை எடுத்துப் போட்டால் சண்டை நாலு நாளில் தீரும், படம் தீராது.

பிள்ளைகளைப் பாடசாலைப் பேர் தெரிகிற மாதிரியும், உடுப்பு இல்லாமலும் எடுத்துப் போட வேண்டாம். பெரிய வலைத்தளங்களில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் சொந்தக் கணக்கு வைக்க அனுமதி இல்லை.

உதவி செய்கிறோம் என்று கேமராவோடு வருகிறவர்களிடமும் கவனம். வடக்கு கிழக்கில் ஏழைக் குடும்பங்களை அழ வைத்து எடுத்து, வெளிநாட்டு உறவுகளிடம் காசு சேர்க்கிறவர்களைப் பற்றிச் சில வருஷமாகப் பேச்சு இருக்கிறது. ஒரு பை அரிசிக்காக உங்கள் முகத்தைக் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "உதவி தாங்க, படம் வேணாம்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் ஒளிக்க வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம். வந்த செய்தியை அழிக்காமல் வைத்து, நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938, பொலிசுக்கு 119.

காசு வருமா?

சிலருக்கு வரும், பலருக்கு வராது. யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 பேர் சேர வேண்டும். அதோடு ஒரு வருஷத்தில் 4,000 மணித்தியாலம் பார்க்கப்பட வேண்டும், அல்லது 90 நாளில் குறும்படங்கள் 1 கோடி தடவை பார்க்கப்பட வேண்டும். இதை நம்பிப் பேரை விடாதீர்கள், பிள்ளையின் படிப்பையும் விடாதீர்கள்.

பத்திரமாக வையுங்கள்

2004 டிசம்பர் 26 கடற்கோள் வாகரைக் கரையையும் அடித்தது. உயிரோடும் வீட்டோடும் அல்பங்களும் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. ஒரே போனில் இருக்கிற படம் ஒரு நாளில் போகும். நல்லதை இன்னொரு மெமரி கார்ட்டிலும், தூரத்தில் இருக்கிற ஒரு சொந்தக்காரரிடமும் வையுங்கள்.

நம்ம முன்னோர் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தார்கள். அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களின் குரலைக் கேட்க நமக்கு வழியில்லை. நம்ம அப்பாயி, அம்மாயியின் குரலையாவது விட்டுவிடக்கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். "சின்ன வயசுல நீங்க எந்த மலையில கொழுந்து எடுத்தீங்க?" என்று கேளுங்கள். அனுமதி வாங்கி ஒரு நிமிஷம் எடுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க அதைவிடப் பெரிய சொத்து இல்லை.