வண்டல் எழுப்பிய கரை

கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆறு, நீரோடு மண்ணையும் சுமந்து வந்து கடல் சேர்கிறது. அதன் முகத்துவாரத்திலிருந்து தெற்கே தெலுக் ஆயர் தாவார் வரை நீளும் சேற்றுநிலமும் கண்டற்காடும் வண்டலால் அமைந்தவை. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே வலசை செல்லும் கரைப்பறவைகள் இங்கே இறங்கி இரை தேடுகின்றன.

ஆற்றோட்டம் தளருமிடத்தில் மணல் முதலில் படியும். களிமண் துகள்களோ நன்னீரில் ஒன்றையொன்று விலக்கி நெடுநேரம் மிதக்கும். உவர்நீர் கலந்ததும் அவ்விலக்கம் குன்றி, திரண்டு, கனத்துத் தாழும். இரு குவளைகளில் களிமண் கலங்கலை எடுத்து, ஒன்றில் மட்டும் உப்பிட்டு வைத்தால், எது முதலில் தெளிகிறது என்பதை மாணவரே காணலாம். இவ்வாறு உயர்ந்த சேற்றில், மலாய் மொழியில் அப்பி-அப்பி எனப்படும் வெண்கண்டல் முதலில் வேரூன்றுகிறது. அதன் மூச்சுவேர்கள் ஓதநீரின் விரைவைத் தணிக்க, மேலும் வண்டல் தங்குகிறது.

இவ்வினை நம் வரலாற்றையும் தொட்டிருக்கிறது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற கடாரத்தின் பழந்துறைகள் சில, இன்று கடலை விட்டு விலகி உள்நாட்டில் கிடக்கின்றன. ஆற்று வண்டல் கரையை மேற்கே தள்ளியதே காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆனால் வரவு குறைந்தால் கரை தேயும். 1960களின் இறுதியில் நெல் வேளாண்மைக்கென எழுந்த மூடா அணையின் தேக்கத்தில், மேற்பகுதி மண்ணின் பெரும்பங்கு தங்கிவிடுகிறது. கீழே மணல் அள்ளுதலும் சேர்கிறது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரிப் படுகைக்கு நேர்ந்ததும் இதுவே.

தீவின் கர்னி டிரைவில் நிலை நேர்மாறு. தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்தபின் அங்கே சேறு குவிந்து கண்டல் முளைகளும் தலைகாட்டின. பலர் அதை அழுக்கென்றே முகம் சுளித்தனர். பின்னர் அச்சேற்றின் மீதே நிலம் தூர்க்கப்பட்டுப் பூங்கா எழுந்தது.

பினாங்கு குடிக்கும் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றினது. ஆதலின் ஆற்றைத் தொடவே கூடாதென்று நாம் வாதிடவில்லை. ஆறு ஆண்டுதோறும் கொணரும் மணலை அளந்து, அள்ளும் அளவை அதற்குள் நிறுத்துவதே நாம் வேண்டுவது. அதற்கு இரு மாநிலங்களும் ஒரே கணக்கேட்டை வைத்திருக்க வேண்டும்.