தாலாட்டில் ஒளிந்த குண்டு

அச்சத்தைப் பாட வருவோர் பெரும்பாலும் அலறுவர். 1981ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த மூவர் அதனைத் தாலாட்டாகத் தொடங்கினர். 'திஸ் ஹீற்' என்னும் அக்குழுவினரது இசைத்தட்டின் பெயர் 'டிசீற்'. வஞ்சகம் என்பது அதன் பொருள். முதற்பாட்டு நம்மை உறங்கச் சொல்லிச் செவியருகே மெல்லென ஒலிக்கின்றது. கூர்ந்து கேட்டாலோ, அது விளம்பர வாசகங்களால் நெய்த தாலாட்டு என்பது புலப்படும்!

இதன் பின்னணியை அறிதல் வேண்டும். 1979 டிசம்பரில் மேற்கைரோப்பாவில் அமெரிக்காவின் புதிய அணு ஏவுகணைகளை நிறுத்த நேட்டோ நாடுகள் முடிவு செய்தன. அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசாங்கம் கைந்நூல் ஒன்றை 50 பென்சுக்கு விற்றது. வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரிற் சாய்த்து, அவற்றின் மேல் மண் மூடைகளை அடுக்கி, அதனுள்ளே பதுங்கியிருக்குமாறு அது குடிமக்களுக்கு அறிவுரை கூறிற்று. அணுகுண்டுக்குக் கதவுப் பலகை! அந்த ஏட்டின் அமைதியான குரலும் விளம்பரக்காரனின் கனிந்த குரலும் ஒன்றே என்பதுதான் இவ்விசைத்தட்டின் குற்றச்சாட்டு.

அதனை இவர்கள் வாதித்து நிறுவவில்லை, நடித்துக் காட்டுகின்றனர். ஒரு பாட்டிலே பண்டை உரோமரின் பெருமிதம் பேசுகின்றது. இன்னொன்றிலே 1776ஆம் ஆண்டின் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் இசையேறி வருகின்றது. உயர்ந்த சொற்கள்தாம், ஆயினும் இவ்விடத்தில் அவற்றைக் கேட்கையில் நம்ப மனம் துணிவதில்லை. 'றேடியோ பிறாக்' என்ற பகுதி மட்டும் வெறும் ஒட்டுவேலையாகவே நின்றுவிடுகின்றது என்பது என் எண்ணம்.

பிரிக்ஸ்ரனில் பழைய இறைச்சித் தொழிற்சாலை ஒன்றின் குளிரறையே இவர்களது பட்டறை. ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும், ஒரே துண்டை ஓயாது சுழலவிட்டும், கிற்றாரும் மேளமும் செய்ய இயலாததை இவர்கள் செய்தனர். பங்க் இசை சீறி எழுந்த காலத்தில் இயங்கிய இவர்கள், அதன் எளிய ஆரவாரத்தைக் கடந்து வெகுதூரம் சென்றுவிட்டனர்.

சார்ள்ஸ் ஹேவார்ட், சார்ள்ஸ் புலன் ஆகியோருடன் மூன்றாமவரான கரெத் வில்லியம்ஸ் முறையான இசைப்பயிற்சி இல்லாதவர். இத்தட்டின் பின்னர் அவர் குழுவை விட்டுக் கதகளி பயிலக் கேரளம் சென்றார். இசைத்தட்டின் உறையிலே காணப்படுவது, அணுப்புகையும் போர்க்காலப் படங்களும் படிந்த ஒரு முகம். முகத்தில் வண்ணம் தீட்டிக் கதை சொல்லும் கலையை அவர் நாடிப் போனதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குழு 1982இற் கலைந்தது. வில்லியம்ஸ் 2001இல் மறைந்தார்.

இறுதிப் பகுதியின் தலைப்பு, 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுக்கு இரையாகி உயிர் தப்பியோரைக் குறிக்கும் யப்பானியச் சொல்லிலிருந்து எழுந்தது. பாட்டென்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. தாலாட்டியவர்கள் ஒருவரும் அங்கில்லை. தொலைவிலே ஏதோ அசைவது போன்ற ஓசைகள் மட்டும் சிறிது நேரம் கேட்கின்றன.