அய்யனார் கோவில் வானத்துக்கு எந்த ஃபில்டர்?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அய்யனார் கோவிலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் போனால் வானம் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் இருக்கும். அதையே கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தால் வெளிறிப்போகும். மேகம் இருந்த சுவடே தெரியாது.

ஃபிலிமுக்கு நீலத்தின் மேல் அப்படியொரு பிரியம். பழைய ரசாயனப் பூச்சுகளோ நீலத்தைத் தவிர வேறெதையும் சரியாகப் பார்க்கவே இல்லை. 1858இல் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், அதற்கு முன் பர்மாவில் எடுத்த படங்களுக்கு நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டினார்.

லென்ஸுக்கு முன்னால் ஒரு வண்ணக் கண்ணாடியை மாட்டினால் அந்த வேலை மிச்சம். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. வானத்தின் நீலம் அதனால் வருவது. சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தைத் தடுத்துவிடும். மேகத்தின் வெள்ளையில் எல்லா நிறமும் உண்டென்பதால் அது தப்பித்து, இருண்ட வானத்தில் எழுந்து நிற்கும்.

ஒரு நிறத்தை மறித்து இன்னொன்றைப் பார்க்கும் இந்த உத்திக்கு இந்த வட்டாரத்தோடு உறவுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன், கொல்கத்தாவில் சி.வி.ராமனோடு செய்த சோதனையும் இப்படித்தான். ஊதா ஃபில்டர் வழியே சூரிய ஒளியைத் திரவத்துக்குள் செலுத்தி, அந்த ஊதாவை மறிக்கும் இன்னொரு ஃபில்டர் வழியே பார்த்தார்கள். அப்படியும் மங்கலாக ஓர் ஒளி வந்தது. 1928இல் உலகம் அறிந்த ராமன் விளைவு அதுதான்.

அய்யனார் கோவிலுக்கு நான் சிபாரிசு செய்வது ஆரஞ்சு. மஞ்சள் ஃபில்டர் வானத்தை லேசாகத்தான் அடக்கும். சிவப்பு மாட்டினால் காடு கெட்டுவிடும்: இலைகள் சிவப்பைக் கொஞ்சமாகவே திருப்பி அனுப்புவதால் மலைச்சரிவு முழுக்கக் கரியாகிவிடும். மர நிழலுக்கு வருவதும் வானத்தின் நீல வெளிச்சமே. அதையும் மறித்துவிட்டால் நிழலில் இருக்கும் பாறையும் வேரும் படத்தில் காணாமல் போகும். ஆரஞ்சில் வானமும் இருளும், ஓடைக்கரைப் பாறையின் சொரசொரப்பும் நிற்கும்.

ஃபில்டர் விழுங்கும் வெளிச்சத்தை ஈடுகட்ட வேண்டும். ஆரஞ்சுக்கு 2 ஸ்டாப், சிவப்புக்கு 3; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பாக வேண்டும். அதாவது 1/250 நொடியில் எடுக்க வேண்டிய படத்துக்குச் சிவப்பில் 1/30 தேவை. கையில் பிடித்தால் ஆடிவிடும், ஸ்டாண்ட் அவசியம். மலை விளிம்பை ஒட்டிய வானம் எப்போதும் வெளிறியே இருக்கும். கேமராவைச் சற்று உயர்த்தி, சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி நின்றால் அடர்ந்த நீலம் கிடைக்கும். சித்திரை வெயிலில் புழுதி படர்ந்த வெள்ளை வானத்துக்கு எந்த ஃபில்டரும் உதவாது.