பதிவேடுகளில் உறவைத் தேடுவோர்

சில மாதங்களுக்கு முன்னர் வலிகாமத்துக் கிராமமொன்றிலிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. கொப்பித் தாளில் எழுதப்பட்ட அக்கடிதத்தை அனுப்பியவர் எழுபத்தெட்டு வயதுடைய மூதாட்டி. அவருடைய தம்பி 1987ஆம் ஆண்டு கனடாவுக்கு வந்தவர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் வீடுகளை விட்டு வெளியேறியபோது, தம்பியின் முகவரி எழுதப்பட்டிருந்த கொப்பியும் வீட்டோடு போயிற்று. தம்பி எழுதிய கடிதங்கள் ஆளில்லாத வீட்டுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். "அவனுக்காக நேர்த்தி வைப்பதா, திவசம் செய்வதா என்று தெரியவில்லை. இருக்கிறானா இல்லையா என்பதை மட்டும் அறிந்து சொல்லுங்கள் ஐயா" என்று அந்த அம்மையார் எழுதியிருந்தார்.

இத்தகைய கடிதங்கள் எமக்குப் புதியன அல்ல. ஆயினும் இம்முறை, கனேடிய அரசின் பொதுப் பதிவேடுகளைக் கொண்டு ஒரு மனிதரை எவ்வளவு தூரம் தேடலாம் என்பதை முறையாக அறிந்துகொள்ள முனைந்தோம். அம்முயற்சியில் கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையதெனக் கருதுகின்றோம்.

எவை திறந்தவை, எவை மூடியவை

முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, இந்நாட்டில் குடியிருப்போர் அனைவரின் முகவரியையும் தாங்கிய ஒரே பதிவேடு என்று எதுவுமில்லை என்பதாகும். ஜேர்மனியில் குடியிருப்பவர் ஒவ்வொருவரும் தம் முகவரியை உள்ளூராட்சி அலுவலகத்தில் பதிவுசெய்தல் வேண்டும். சுவீடனில் மக்கட்பதிவேட்டின் பெரும்பகுதி பகிரங்கமானது. கனடாவிலோ பதிவுகள் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு.

குடிசன மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பெயரோடு கூடிய விபரங்கள் 92 ஆண்டுகள் பூட்டி வைக்கப்படுகின்றன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2023 ஜூன் மாதத்திலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டுக் கணக்கெடுப்பு ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டது. அன்றியும் அது அகதிக் கோரிக்கையாளரைக் கணக்கில் கொள்ளவில்லை. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அப்பதிவு திறக்கப்படுவது 2083இல். எமது தலைமுறையின் வருகையைப் பெயர் பெயராகப் படிக்கப் போகின்றவர்கள் எமது பூட்டப்பிள்ளைகளே.

பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றை ஒன்ராறியோ மாகாணம் 1869ஆம் ஆண்டு முதல் பதிவு செய்து வருகின்றது. நூறாண்டைக் கடந்த பிறப்புப் பதிவுகளை யோர்க் பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்துள்ள ஒன்ராறியோ ஆவணக் காப்பகத்தின் ஊடாக எவரும் பார்வையிடலாம். அண்மைக் காலப் பிறப்புச் சான்றிதழை உரியவரும் நெருங்கிய உறவினருமே பெறலாம். மரணச் சான்றிதழ் அவ்வாறன்று; கட்டணம் செலுத்தி எவரும் விண்ணப்பிக்கலாம். எமது முதல் விண்ணப்பம் அதுவாகவே இருந்தது. அந்தப் பெயரில் மரணப் பதிவு கிடைக்கவில்லை என்ற பதில் வந்தபோது எமக்கு ஏற்பட்ட ஆறுதல் அரைகுறையானதே. அவர் வேறு மாகாணத்தில் இறந்திருக்கலாம். வேறு எழுத்துக்கூட்டலில் பதியப்பட்டிருக்கலாம்.

அடுத்தது காணிப் பதிவு. ஒன்ராறியோவில் எந்த வீட்டின் உரிமையாளர் யார், எப்போது வாங்கினார், ஈடு எவ்வளவு என்பன யாவும் பகிரங்கப் பதிவுகள். 2020 ஒக்டோபர் மாதம் காணிப் பதிவகங்களின் கருமபீடங்கள் மூடப்பட்டு, தேடுதல் யாவும் இணையத்துக்கு மாறிவிட்டது. பெயரைக் கொண்டும் தேடலாம். ஆனால் பதிவகப் பிரதேசம் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். வீடு வாங்கியவர் மாத்திரமே இப்பதிவில் உள்ளார். தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவரும், நண்பர் வீட்டு நிலக்கீழ் அறையில் காலம் கழிப்பவரும் இதில் இல்லை. எமது தேடலில் அதே பெயரில் ஒருவர் அகப்பட்டார். வயதோ ஊரோ பொருந்தவில்லை. அவருக்குத் தொல்லை கொடுத்தமைக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

வர்த்தக நிறுவனப் பதிவுகளும் பொதுவானவையே. ஒரு கூட்டுத்தாபனத்தின் இயக்குநர் பெயரை எவரும் அறியலாம். பழைய ரொறன்ரோ நகர விபரக்கொத்துகளை நகரப் பொது நூலகத்தில் காணலாம். தெரு வாரியாகவும் பெயர் வாரியாகவும் அமைந்த அவை அக்காலத்தைத் தேடுவோருக்கு அரிய சாதனம். வீடு தேடி வந்த தொலைபேசி விபரக்கொத்தோ 2010ஆம் ஆண்டளவில் பெருநகரங்களில் கேட்டால் மட்டும் கிடைப்பதாயிற்று. கைத்தொலைபேசி இலக்கங்கள் அதில் என்றுமே இருந்ததில்லை.

நீதிமன்றக் கோவைகள் பெரும்பாலும் திறந்தவை. இதன் எல்லையைக் காட்டும் வழக்கொன்று ரொறன்ரோவிலேயே எழுந்தது. 2017 டிசம்பரில் தம் இல்லத்தில் இறந்து கிடந்த மருந்து உற்பத்திச் செல்வந்தர் பரி ஷேர்மன், அவர் மனைவி ஹனி ஆகியோரின் மரணசொத்துக் கோவைகளை நீதிமன்றம் முத்திரையிட்டு மறைத்தது. 'ரொறன்ரோ ஸ்ரார்' நாளேட்டின் செய்தியாளர் கெவின் டொனவன் அதனை எதிர்த்தார். 2021 ஜூன் 11ஆம் நாள் கனேடிய உச்ச நீதிமன்றம் கோவைகளைத் திறக்குமாறு ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் மக்கள் கண்முன் இயங்க வேண்டும் என்பதே பொதுவிதி. மனிதரின் கண்ணியத்துக்குப் பாரிய ஆபத்து உண்டென்று காட்டினாலன்றி மறைப்பதற்கில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால் அகதி விசாரணைகள் மூடிய அறையில் நடைபெறுகின்றன. 2010 ஓகஸ்ட் மாதம் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்த 'சன் சீ' கப்பலில் வந்தோர் சிலரின் வழக்கு 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிவாயிற்று. கடலில் ஒருவருக்கொருவர் உதவியோரை ஆட்கடத்தல்காரராகக் கொள்ளலாகாது என்று வழிகாட்டிய அத்தீர்ப்பில் அவர்களின் பெயர்கள் இல்லை. 'பி 010', 'பி 306' என எழுத்தும் இலக்கமுமே உள்ளன. உலகமே படிக்கக்கூடிய ஆவணத்தில் அவர்கள் மறைந்திருக்கின்றனர். ஏன் மறைய வேண்டும் என்பது எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லாதது.

பெயர் என்னும் பூட்டு

தமிழரைத் தேடுவதில் பெரிய இடர் சட்டமன்று, பெயரே. எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து வாழ்ந்த நாம், விமான நிலையத்தில் இரண்டு கட்டங்கள் கொண்ட படிவத்தைச் சந்தித்தோம். ஒருவர் தகப்பன் பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுதினார். அவருடைய உடன்பிறந்தவர் தம் பெயரையே அங்கு எழுதினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் கனேடியப் பதிவில் உறவற்றவராயினர். ராசா, ராஜா, ராஜ் என்பன ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகளாகி வெவ்வேறு பக்கங்களில் விழுந்தன. முகவர் கொடுத்த கடவுச்சீட்டில் வேறு பெயரோடு இறங்கியவர்களும் உளர். ஊரிலோ அவரைப் பதிவுப் பெயரால் அறிந்தவர் எவருமில்லை. வீட்டுப் பெயரே வழக்கு.

ஆகவே தேடப் புகுவோர் முதலில் ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெறுதல் நன்று. இலங்கைப் பிறப்புப் பதிவில் பெற்றோரின் விபரம் உண்டு. பாட்டனார் பெயருக்கும் இடமுண்டு. பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால் பிரதி கிடைக்கும். அச்சான்றிதழின் பயன் தேடலோடு முடிவதில்லை. ஒன்ராறியோவில் ஒருவர் மரணசாதனம் எழுதாமல், மாகாணத்தில் நெருங்கிய உறவினர் எவருமின்றி இறப்பாராயின், அவருடைய சொத்து குறைந்தது 10,000 டொலர் பெறுமதியானால், அரச பொதுப் பாதுகாவலர் அலுவலகம் அதனைப் பொறுப்பேற்று வாரிசுகளைத் தேட முடியும். தனிமையில் இறக்கும் முதியவர் எம்மிடையே பெருகி வருகின்றனர். ஊரிலுள்ள சகோதரி தம் உரிமையை நிறுவுவதற்கு அந்த ஒற்றைத் தாளே ஆதாரமாகும்.

எமது மரண அறிவித்தல்கள்

அரசின் பதிவேடுகளில் எமது தேடல் முட்டி நின்றது. வழி திறந்தது வேறோரிடத்தில்.

பிறப்பிடம் இன்னது, வதிவிடம் இன்னது என்று தொடங்கி, இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னின்னாரின் சகோதரியும், மாமியும், பேர்த்தியும் என நீண்டு, ஒவ்வொருவர் பெயரின் பின்னும் அடைப்புக்குறிக்குள் கனடா, பிரான்ஸ், சுவிஸ், இலங்கை என்று நாடு குறிக்கும் எமது மரண அறிவித்தலை நாம் தினமும் பார்க்கின்றோம். ஓர் ஊரின் சிதறலை இவ்வளவு துல்லியமாகப் பதிந்து வைத்த ஆவணம் வேறெதுவுமில்லை. எந்த அரசும் கேட்காமல், எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல், எமது மக்கள் தாமே எழுதிவரும் மக்கட்பதிவேடு அது. பழைய இதழ்களைக் கட்டிச் சேர்த்து வைத்திருப்போர் அவற்றை எறிந்துவிட வேண்டாமென்று இவ்விடத்தில் வேண்டிக்கொள்கின்றோம்.

2011ஆம் ஆண்டு வெளியான ஓர் அறிவித்தலில் அந்த அம்மையாரின் மாமி ஒருவரின் மருமக்கள் வரிசையில், தம்பியின் வீட்டுப் பெயர் இருந்தது. அருகே மொன்றியல் என்று குறிக்கப்பட்டிருந்தது.

இடாப்பின் மறுமுகம்

இங்கு எமது கை சற்றுத் தயங்கியது. அதற்குக் காரணமுண்டு.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பதை அக்காலத்துச் செய்தியாளரும் பின்வந்த ஆய்வாளரும் பதிவு செய்துள்ளனர். வாக்களிக்கும் உரிமைக்காக எழுதப்பட்ட முகவரி எரிப்பதற்கான முகவரியாயிற்று. இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நெதர்லாந்தின் சீரான மக்கட்பதிவேடு யூதரைக் கண்டுபிடிக்க நாஜிகளுக்கு உதவியது. அதனாலேயே 1943 மார்ச் 27ஆம் நாள் எதிர்ப்பியக்கத்தார் அம்ஸ்ரர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தனர். கனடாவிலும் 1941இல் யப்பானிய வம்சாவளியினர் பொலிசாரிடம் கட்டாயமாகப் பதியப்பட்டனர். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 22,000 பேர் மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டனர்.

மறுபுறம், தீய நோக்கத்தில் எழுதப்பட்ட ஏடு பிற்காலத்தில் உறவைச் சேர்ப்பதும் உண்டு. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீனக் குடிவரவாளரிடம் தலைவரி அறவிடப்பட்டது. 50 டொலரில் தொடங்கிய அவ்வரி 1903இல் 500 டொலராயிற்று. வரி அறவிடுவதற்காகப் பெயர், வயது, ஊர் என்பவற்றை எழுதிய குடிவரவுப் பேரேடுகளில் இன்று பேரப்பிள்ளைகள் தம் பாட்டனார்களைத் தேடிக் கண்டடைகின்றனர்.

பதிவு இல்லாமையும் ஒரு கொடுமையே. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார், 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியலை வெளியிடுமாறு கேட்டனர். இலங்கையில் காணாமற் போனோர் 16,000 பேருக்கு மேற்பட்டோரின் விபரங்களைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் பதிந்துள்ளது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழை ஏற்க மறுக்கும் குடும்பங்களுக்குக் காணாமைச் சான்றிதழ் வழங்க வழி செய்யப்பட்டது. ஆனால் ஒரு தாய் கேட்பது சான்றிதழையன்று. ஒரு பட்டியலில் ஒரு பெயரை.

கேட்டுச் சொல்லுதல்

தேடப்படுவோர் எல்லோரும் கண்டுபிடிக்கப்பட விரும்புவோர் அல்லர். அடிக்கும் கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண்ணையும், சீட்டுக் கடனுக்கு அஞ்சி ஊர் மாறியவரையும் எமக்குத் தெரியும். பாசமென்று சொல்லி வருபவரின் மனத்தை நாம் அறிய வழியில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்புச் சேவை இதில் நல்ல முறையொன்றைக் கைக்கொள்கின்றது. ஆளைக் கண்டால், முதலில் அவருடைய சம்மதத்தைக் கேட்கின்றது. சம்மதமின்றி முகவரியைக் கொடுப்பதில்லை. கனடாவிலும் அச்சேவை உண்டு. போரால் பிரிந்தோர் அதனை நாடலாம்.

நாமும் அவ்வாறே செய்தோம். அறிவித்தலில் பெயரிருந்த குடும்பமொன்றைத் தொடர்புகொண்டு, எவருடைய தொலைபேசி இலக்கத்தையும் கேட்காமல், எமது இலக்கத்தையும் அக்கடிதத்தின் பிரதியையும் கொடுத்து வைத்தோம். மூன்று வாரங்களின் பின்னர் ஓரிரவு அழைப்பு வந்தது.

"அக்கா உயிரோடு இருக்கிறாவா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை என்றார். பின்னர் வேலை போயிற்று, குடும்பமும் நிலைக்கவில்லை, எதைச் சொல்லி எழுதுவதென்று தெரியாமல் ஆண்டுகள் போய்விட்டன என்றார். முகவரியை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். "சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள். பிறகு நானே எழுதுகிறேன்."

அவ்வாறே எழுதினோம். சென்ற வாரம் ஊரிலிருந்து பதில் வந்தது. முகவரியைப் பற்றி அந்த அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. நேர்த்தியை நிறைவேற்றிவிட்டதாக எழுதியிருந்தார். உள்ளே, ஒட்டப்பட்ட இன்னொரு உறையில், தம்பிக்கென்று ஒரு கடிதம் இருந்தது. அதனை மொன்றியலுக்கு அனுப்பி வைத்தோம்.