கிளவுஸ் யாருக்கு மச்சி?

கும்மிடிப்பூண்டி லோக்கல் மீஞ்சூரைத் தாண்டியதுமே சண்டை ஆரம்பிச்சிடுச்சு. சிப்காட் கம்பெனி டீம் ஒண்ணோட மேட்ச். மூணு வருஷமா கீப்பிங் பண்றவன், பேட்டிங்ல ஒன்பதாவது ஆள். "ஓப்பனரையே கீப் பண்ணச் சொன்னா, எக்ஸ்ட்ரா பேட்ஸ்மேன் ஆடலாமே!" என்று கொளுத்திப் போட்டான் கேப்டன்.

புது ஐடியா இல்லை பாஸ்! 2003 உலகக் கோப்பையில் கங்குலி டீம் பண்ணினதுதான். டிராவிட் கிளவுஸ் மாட்டினதால யுவராஜ், கைஃப், மோங்கியா மூணு பேருக்குமே இடம் கிடைச்சது. தொடர்ந்து எட்டு வெற்றி, ஃபைனல். (அங்கே பான்டிங் அடிச்சதை ஞாபகப்படுத்தாதீங்க, ப்ளீஸ்!) ஒருநாள் போட்டிகளில் டிராவிட் மொத்தம் 73 முறை கீப்பராக ஆடியிருக்கிறார்.

ஆனா, அதே டீமில் பார்த்திவ் படேலும் இருந்தார். 2002-ல், 17 வயசிலேயே டெஸ்ட் ஆடிய ஸ்பெஷலிஸ்ட் கீப்பர். உலகக் கோப்பையில் 11 மேட்ச்சிலும் பெஞ்ச்! அந்தப் பையன் மனசு எப்படி இருந்திருக்கும்? அதை யாரும் பேசறதில்லை.

அப்புறம் தினேஷ் கார்த்திக் வந்தார், 2004 டிசம்பரில் தோனி வந்தார். 2005-ல் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானை தோனி 148 வெளுத்ததும், கீப்பரா பேட்ஸ்மேனா என்ற கேள்விக்கே வேலையில்லாமப் போச்சு.

எங்க டீம்ல தோனிக்கு எங்கே போறது? 50 ஓவர்னா 300 பந்துக்கும் குனிஞ்சு நிமிர்ந்தவன், உடனே ஓப்பனிங் வேற இறங்கணுமே!

கதவோரம் நின்ன கீப்பர் பொன்னேரியில்தான் வாயைத் திறந்தான். "லெக் சைடுல போற பாலை அவன் பிடிப்பானாடா?"

ஓப்பனரே தலையாட்டினான், 'மாட்டேன்' என்று. கவரைப்பேட்டை வரைக்கும் கேப்டன் ஜன்னலையே பார்த்துட்டு வந்தான்.