ஊர் திரும்பிய மகள்கள்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை அண்ணாமலையின் உச்சியில் சுடர் எழும்போது திருவண்ணாமலை வீதிகளில் நிற்போர் எல்லாரும் வெளியூர்ப் பக்தர்கள் அல்லர். படிப்பிற்காகவும் பணிக்காகவும் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்ற இவ்வூர்ப் பிள்ளைகளும் அன்று வீடு திரும்புகின்றனர். வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், உறவினர் ஒருவர் தவறாமல் கேட்பார்: "படிப்பு முடிஞ்சுதாம்மா? அடுத்து கல்யாணம்தானே?" அவள் சிரித்தபடி உள்ளே நழுவிவிடுவாள். நகரத்தில் தனக்கென ஒரு மனத்தை வளர்த்துக்கொண்டவள், அதை வீட்டாரிடம் எடுத்துரைப்பது எளிதன்று. இந்த இக்கட்டையே கதையின் வித்தாகக் கொண்டு, 1964ஆம் ஆண்டு தமிழ்த் திரையுலகம் ஒரு நகைச்சுவைப் படத்தை வழங்கியது. ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' என்பதே அப்படம்.

பிரிந்தவர் யார், காத்திருந்தவர் யார்?

ஊரைப் பிரிதலும் மீள்தலும் தமிழ் அக இலக்கியத்திற்குப் புதியன அல்ல. கல்வி, பொருள், தூது, பகை முதலிய காரணங்களால் தலைவன் பிரிகிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தல் ஆகாது என்று தொல்காப்பியக் கற்பியல் வரம்பும் கட்டுகிறது. கார்காலம் தொடங்கியதும் தேர்ப்பாகனை விரைவுபடுத்தித் தலைவன் ஊர் திரும்பும் காட்சி முல்லைத் திணைக்கு உரியது. பெண் ஊரைவிட்டு நீங்குவது பெரும்பாலும் உடன்போக்கில்தான், அதுவும் தலைவனோடு.

ஸ்ரீதரின் படம் இந்த வரிசையை மாற்றி வைக்கிறது. சின்னமலை என்னும் ஊரின் செல்வந்தரான விசுவநாதனுக்கு நிர்மலா, காஞ்சனா என்னும் இரு மகள்கள், செல்லப்பா என்னும் ஒரு மகன். கல்விக்காகச் சென்னைக்குச் சென்றவர்கள் மகள்கள். படிப்பை முடித்து ஊர் திரும்புகின்றவர்களும் அவர்களே. மகனோ வீட்டிலேயே இருந்துகொண்டு, தந்தையின் பணத்தில் திரைப்படம் எடுக்கக் கனவு காண்கிறான். படிப்பிற்காகப் பெண் பிரிந்து சென்று மீள்வதை இயல்பான செய்தியாக, அழுகையோ அறிவுரையோ இன்றி, ஒரு கேளிக்கைப் படம் எடுத்துக்கொண்டது அக்காலத்தில் கவனிக்கத்தக்கது.

கதையின் முடிச்சு

ஊர் திரும்பும் மகள்களோடு ஏற்பட்ட வாக்குவாதத்தால், விசுவநாதனின் தோட்டத்தில் பணியாற்றும் அசோகன் வேலையை இழக்கிறான். அவன் அஞ்சி ஓடவில்லை. முதலாளியின் வீட்டு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராடுகிறான். நிர்மலாவின் சினம் காதலாக மாறுகிறது. ஆனால் விசுவநாதன் மனிதரை அளப்பதற்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே, அது பணம். ஆகவே அசோகன், தான் சிதம்பரம் என்னும் பெரும் செல்வரின் மகன் என்று பொய் சொல்கிறான். அந்தச் சிதம்பரமாக நரைத்த தலையோடு வந்து நிற்பவன் அவனுடைய நண்பன் வாசு. வந்த இடத்தில்தான், சென்னையில் தான் காதலித்த காஞ்சனா அவ்வீட்டின் மற்றொரு மகள் என்பது வாசுவுக்குத் தெரியவருகிறது. காதலியின் முன்னால் அவன் முதியவராக நடமாட வேண்டிய நிலை. போதாக்குறைக்கு, அவனுடைய உண்மையான தந்தையும் விசுவநாதனின் பழைய நண்பராக அங்கு வந்து சேர்கிறார்.

பார்வையாளர் அறிந்த உண்மையைப் பாத்திரம் அறியாதிருக்கும் நிலையே இங்கு நகைப்பைப் பிறப்பிக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையை எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்து, அது பிறப்பதற்கான நிலைக்களன்கள் நான்கு எனக் கூறும். அவற்றுள் ஒன்று மடன். பிறர் சொன்னதை ஆராயாமல் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல் என்று அதற்கு விளக்கம் தருவர். டி. எஸ். பாலையா நடித்த விசுவநாதனுக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆயினும் அவர் எல்லாவற்றையும் நம்புகிறவர் அல்லர். பணம் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால் அதை மட்டுமே நம்புகிறார். அவருடைய ஊழியனாக இருந்தபோது அசோகனுக்குக் கிடைக்காத மரியாதை, செல்வரின் மகனாக அவன் பெயர் மாறிய கணத்தில் கிடைத்துவிடுகிறது. ஆள் மாறவில்லை, அதே முகம், அதே குரல்.

ஒரு கதை சொல்லும் காட்சி

இப்படத்தை நினைவுகூரும் எவரும், நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை முதலில் குறிப்பிடுவர். மகன் செல்லப்பா தான் எடுக்கவிருக்கும் திகில் படத்தின் கதையைத் தந்தைக்கு விவரிக்கிறான். இருளும் காற்றும் காலடி ஓசையும் அவனுடைய வாயிலிருந்தே எழுகின்றன. எதிரில் அமர்ந்திருக்கும் பாலையா பேசுவது மிகக் குறைவு. முகம் மட்டும் அச்சத்தில் படிப்படியாக உறைகிறது. சிரிப்பின் பெரும்பகுதியைச் சொல்பவரைவிடக் கேட்பவரே ஈட்டிக்கொள்கிறார் என்பது என் கருத்து. நடிப்பைப் பற்றி வகுப்பில் ஒரு மணிநேரம் விளக்குவதைவிட, இந்தச் சில நிமிடக் காட்சியை ஒருமுறை காட்டுவது பயன் தரும்.

செல்லப்பாவின் வேலைக்குத் தெருக்கூத்தில் ஒரு முன்னோடி உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தின் புரிசை, கூத்துக்குப் பெயர்பெற்ற சிற்றூர். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் பெயர் அவ்வூரோடு இணைந்தே வழங்கும். கூத்தில் அரசன் கம்பீரமாக வந்து நிற்கும்போது, அவனைக் குறுக்குக் கேள்விகளால் மடக்கும் உரிமை கட்டியக்காரன் ஒருவனுக்கே உண்டு. அரசன் வெகுள்வதில்லை, அவையோர் நகைக்கின்றனர். விசுவநாதனின் வீட்டில் அந்த உரிமை செல்லப்பாவிடம் இருக்கிறது. அச்சமின்றி எல்லாரையும் அதிகாரம் செய்யும் தந்தையை, வெறும் வாயோசையால் நடுங்க வைத்துவிடுகிறான்.

படைப்பாளர்கள்

'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஆகிய சோகப் படங்களால் அறியப்பட்டவர் ஸ்ரீதர். அவரோடு இக்கதையை உருவாக்கியவர், பள்ளிப் பருவம் முதல் நண்பரான 'சித்ராலயா' கோபு. ஈஸ்ட்மன் வண்ணத்தில் ஒளிப்பதிவு செய்தவர் ஏ. வின்சென்ட். விசுவநாதன் - ராமமூர்த்தி இசையமைக்க, கண்ணதாசன் பாடல்களை எழுதினார். ரவிச்சந்திரன் இப்படத்தில்தான் அறிமுகமானார். முத்துராமன், காஞ்சனா, ராஜஸ்ரீ, சச்சு ஆகியோரும் நடித்தனர். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறுப் பகுதியே திரையில் சின்னமலையாகத் தோன்றுகிறது. இக்கதை 1965இல் தெலுங்கிலும் 1966இல் இந்தியிலும் மறுபடைப்பாயிற்று.

சிரிப்பு எட்டாத இடம்

ஊர் திரும்புதலும் காதலும் நகையும் கலந்த கதைகள் பிறமொழிகளிலும் உண்டு. ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி குவயட் மேன்' (1952) என்னும் ஆங்கிலப் படத்தில், அமெரிக்காவில் குத்துச்சண்டை வீரனாக இருந்தவன் தான் பிறந்த அயர்லாந்துச் சிற்றூருக்குத் திரும்பி, அங்குள்ள பெண்ணை மணக்கிறான். அவளுடைய சீதனத்தைத் தமையன் தர மறுக்கிறான். கணவனுக்கு அந்தப் பணம் பொருட்டில்லை. அவளோ அது தனக்குரிய உடைமை என்பதால் விட்டுக்கொடுக்க மறுக்கிறாள். அங்கு வழக்கைத் தொடுப்பவள் பெண்.

சின்னமலையில் அப்படி நிகழவில்லை. நிர்மலாவும் காஞ்சனாவும் நகரத்தில் கற்றவர்கள். தாம் விரும்பும் துணையைத் தாமே தெரிந்தவர்கள். எனினும் தந்தையின் முன்னால் அந்த விருப்பத்தைத் தம் வாயால் நிறுவ வேண்டிய சுமை அவர்களிடம் முழுமையாகத் தரப்படவில்லை. திட்டம் தீட்டுவோரும் வேடம் புனைவோரும் ஆண்களே. அகப்பாடல்களில் தோழி செவிலிக்குத் தலைவியின் காதலைக் குறிப்பாய் உணர்த்தும் 'அறத்தொடு நிற்றல்' என்னும் துறை உண்டு. அங்கே உண்மை நயமாகச் சொல்லப்படும். இங்கே நயமான பொய், உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காஞ்சனா விரும்பிய வாசு செல்வர் வீட்டுப் பிள்ளை என்பதால், அவளுடைய காதல் தந்தையின் அளவுகோலைத் தொட்டுப் பார்க்க நேரவே இல்லை. உண்மையான சோதனை நிர்மலாவினுடையது. வேடம் கலைந்தபின் வெறும் அசோகனாக நிற்பவனைத் தந்தை ஏற்பாரா என்பதே படத்தில் எஞ்சும் வினா. அவர் ஏற்கிறார்; மூன்று இணைகளும் கூடுகின்றன. ஆனால் அந்த மனமாற்றத்திற்குப் படம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. இரண்டரை மணிநேரத்துக்கு மேல் ஆள்மாறாட்டத்தை நிதானமாகப் பின்னிய இயக்குநர், தந்தை தம் அளவுகோலைக் கீழே வைக்கும் இடத்தில் மட்டும் விரைந்து கடந்துவிடுகிறார்.